ராணி பெயரில் ஒரு சாக்கடை எஞ்சின்

கேள்வி: குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் வருஷா வருஷம் பட்ஜெட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குவதை விட்டுவிட்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு ஒரு தொலைநோக்குத் திட்டம் வகுத்து நிதி ஒதுக்கினால் என்ன? இல்லையென்றால் மொத்தத்தையும் தனியாரிடம் கொடுத்துவிட்டால் என்ன? (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: சாக்கடையைப் பற்றிக் கேட்பதற்குக்கூடப் பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

‘தொலைநோக்கு’ என்று எழுதிவிட்டீர்கள். எனக்கும் தொலைநோக்கு ஆவணங்களுக்கும் உள்ள பகை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். வழவழ தாள், நீல அட்டை. அட்டையில் இரண்டு கைகள் குவிந்திருக்கும். அதில் ஒரு சொட்டு நீர் விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சொட்டு எந்தக் குழாயிலிருந்து வருகிறது, குழாயை எந்த வருஷம் புதைத்தார்கள், அதை மாற்றக் காசு எங்கே என்பதெல்லாம் உள்ளே இருக்காது. தலைப்பில் ஒரு வருஷம் இருக்கும். அது பூஜ்யத்தில் முடிய வேண்டும் என்பது எழுதாத விதி. அந்த வருஷம் நெருங்கும்போது, அதே ஆவணம் இன்னொரு பத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடி வெளியாகும். கைகளும் சொட்டும் அப்படியே. இதுவரை ஒரு அட்டையிலாவது மேன்ஹோல் மூடியின் படத்தை நான் பார்த்ததில்லை. அட்டையிலேயே இடம் கிடைக்காததற்குப் பட்ஜெட்டில் மட்டும் கிடைத்துவிடுமா?

முன்பு ஒருமுறை இப்படி எழுதியதற்கு, ‘ஆசிரியருக்குத் திட்டமிடுவதே பிடிக்காது’ என்று ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் போட்டார். பிடிக்கும் ஐயா. யார், எவ்வளவு, எத்தனை வருஷம் கட்டுவார்கள் என்று எழுதாத திட்டத்தைத்தான் பிடிக்காது.

சாக்கடைக்காகப் போட்ட நீண்டகால நிதித் திட்டங்களில் என் மனதுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் தொலைநோக்கு எதுவும் இல்லை. நாற்றம்தான் இருந்தது.

1858 கோடை. லண்டனின் சாக்கடை முழுவதும் தேம்ஸ் நதியில்தான் போய் விழும். அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. நாடாளுமன்றமோ ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஜன்னல் திரைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலி ஒரு கையில் காகிதக் கட்டும் மறு கையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டையுமாகக் கமிட்டி அறையிலிருந்து ஓடியதை அன்றைய பத்திரிகை எழுதியிருக்கிறது. ஜோசப் பசால்ஜெட் என்ற பொறியாளர் 1856-லேயே முழு வரைபடத்தோடு வந்து நின்றவர். குழாய் எந்த இடத்தில் ஆற்றில் போய் முடிய வேண்டும் என்று இரண்டு வருஷம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூக்கில் ஏறியதும் 18 நாளில் சட்டம் நிறைவேறிவிட்டது.

அந்தச் சட்டத்தில் இருந்தது என்ன தெரியுமா? 30 லட்சம் பவுண்டு கடன் வாங்க அனுமதி. அதை அடைக்க லண்டன் வீடுகளின் வரி மதிப்பில் பவுண்டுக்கு மூன்று பென்னி வீதம், 40 வருஷத்துக்கு, அதற்கென்றே ஒரு வரி. அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 240 பென்னி; ஆக, நூற்றுக்கு ஒன்றேகால். நீங்கள் கேட்கும் ஐம்பது ஆண்டுத் திட்டம் ஏறக்குறைய இதுதான். அட்டைப்படம் கிடையாது. (முதலில் போட்ட கணக்கு போதாமல் பிற்பாடு மேலும் கடன் வாங்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கக் கடிதக்காரர் இன்னும் சந்தாதாரராகத்தான் இருக்கிறார்.)

நாற்றம்தான் காலராவைக் கொண்டுவருகிறது என்று நம்பிக் கட்டினார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. தண்ணீர்தான் காரணம் என்று ஜான் ஸ்நோ 1854-லேயே ஒரு தெரு அடிபம்பைக் காட்டிச் சொன்னார், பெரியவர்கள் ஏற்கவில்லை. தப்பான காரணத்துக்காகச் சரியான வேலையைச் செய்தார்கள். 1866-ல் காலரா திரும்பி வந்தபோது பெரிய அடி வாங்கியது, புதிய சாக்கடை வேலை முடியாமல் இருந்த கிழக்கு லண்டன்தான்.

இதற்கெல்லாம் மேல் எனக்குப் பிடித்த விஷயம் 1865-ல் நடந்தது. கிராஸ்னஸ் என்ற இடத்தில் கழிவுநீரை இறைக்க நான்கு ராட்சத நீராவி எஞ்சின்கள் நிறுவினார்கள். இளவரசரே வந்து தொடங்கி வைத்தார். விருந்தும் நடந்தது. அந்த எஞ்சின்களுக்கு வைத்த பெயர்கள்: விக்டோரியா, பிரின்ஸ் கான்சார்ட், ஆல்பர்ட் எட்வர்ட், அலெக்சாண்ட்ரா. அதாவது ராணி, ராணியின் கணவர், மகன், மருமகள். லண்டன் மாநகரத்தின் மலத்தை இறைக்கும் வேலைக்கு ராஜ குடும்பம் மொத்தமும் பெயர் கொடுத்திருக்கிறது!

இதை நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தலைவர்களின் பெயரைப் பாலத்துக்கு வைக்கிறோம், பூங்காவுக்கு வைக்கிறோம், விமான நிலையத்துக்கு வைக்கிறோம். கழிவுநீர் பம்புக்கு வைத்துப் பாருங்கள். ‘மாண்புமிகு இன்னார் நேற்றிரவு முதல் அடைத்துக்கொண்டார்’ என்று காலையில் தலைப்புச் செய்தி வரும். ‘இன்னார் மூன்றாவது நாளாக இறைக்க மறுப்பு, தெருவெங்கும் பெருக்கெடுத்தார்’ என்று மாலைப் பதிப்பு. ‘இன்னாருக்கு மாற்று உதிரிபாகம் இல்லை’ என்று எதிர்க்கட்சி அறிக்கை விடும். ‘இன்னாரின் திறன் பாதியாகக் குறைந்துவிட்டது உண்மையா?’ என்று சபையில் கேள்வி எழும். மெக்கானிக் அன்றைக்கு மத்தியானமே வந்துவிடுவான். பராமரிப்பு நிதியை எந்த நிதிச் செயலாளராலும் வெட்ட முடியாது. வெட்டினால் தலைவரை அவமதித்ததாகிவிடும். தேர்தலில் ஆட்சி மாறினால் பம்பின் பெயரை மாற்றுவார்களே என்கிறீர்களா? மாற்றட்டுமே. அந்தச் சாக்கில் பம்பையும் புதிதாகப் போடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தத் தொழிலில் பணம் மூன்றே வழியில்தான் வரும்: உபயோகிப்பவர் கட்டும் கட்டணம், பொது வரி, வெளியிலிருந்து வரும் மானியம். கடன் நான்காவது வழி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கடன் பணத்தை முன்னால் இழுத்துக் கொடுக்கும். பிறகு முதல் மூன்றிலிருந்துதான் அதை அடைத்தாக வேண்டும். ‘புதுமையான நிதியளிப்பு’ என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குப் பக்கென்று இருக்கும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜெபர்சன் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அப்படிப் புதுமை செய்த இடம். ஆற்றில் கழிவு கலப்பதை நிறுத்துவதாக 1996-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். சாக்கடையைச் சீரமைக்கக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். அதோடு நிற்காமல், வட்டி விகிதத்தின் மேல் பந்தயம் கட்டுகிற மாதிரி ‘ஸ்வாப்’ ஒப்பந்தங்களைப் போட்டார்கள். 2008-ல் நிதிச் சந்தை ஆடியதும் வட்டி எகிறியது. 2011-ல் கவுண்டி திவால் மனு கொடுத்தது. 400 கோடி டாலருக்கு மேல் கடன். அதில் 300 கோடிக்கு மேல் சாக்கடைக் கடன். கவுண்டிக்குத் தலைமை வகித்தவர் லஞ்ச வழக்கில் சிறைக்குப் போனார். லண்டன்காரர்களின் மூன்று பென்னி வரியில் எந்தப் புதுமையும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மானியத்திலும் ஒரு கோணல் உண்டு. அமெரிக்காவில் 1972-ல் வந்த சுத்த நீர்ச் சட்டம், சுத்திகரிப்பு நிலையம் கட்டும் செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசே கொடுக்கும் என்றது. நாட்டுக்குக் கிடைத்த நன்மை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் கட்டுவதற்குத்தான் காசு. ஓட்டுவதற்கு உள்ளூரே பார்த்துக்கொள்ள வேண்டும். கால் பங்கு மட்டும் கையிலிருந்து போட்டால் போதும் என்றால் யாருக்கும் பெரிதாகக் கட்டத்தான் தோன்றும். 1987-ல் மானியத்தைப் படிப்படியாக நிறுத்தி மாநிலச் சுழல்நிதியாக மாற்றினார்கள். குறைந்த வட்டிக்குக் கடன், ஒரு ஊர் திருப்பிக் கட்டினால் அதே பணம் அடுத்த ஊருக்கு. மந்தமான ஏற்பாடு. எனக்குப் பிடித்தது.

இனி உங்கள் ஐம்பது வருஷம். மண்ணுக்கு அடியில் இருப்பவை எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் கிடையாது. பம்பும் மோட்டாரும் 15, 20 வருஷம் ஓடும். நல்ல குழாய் 80, 100 வருஷம்கூட இருக்கும். பம்பு வாங்க 40 வருஷக் கடன் எடுத்தால், அதைக் காயலான் கடையில் போட்ட பிறகும் தவணை கட்டிக்கொண்டிருப்போம். நூறு வருஷக் குழாய்க்கு ஐந்து வருஷத்தில் காசு வாங்கினால், இன்றைக்கு இருப்பவன் பேரனுக்கும் சேர்த்துக் கட்டுகிறான். கடனின் காலத்தைப் பொருளின் ஆயுளோடு பொருத்தினாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, மாற்றும் கணக்கு. ஒரு நகரத்தில் 1,000 கிலோமீட்டர் குழாய், ஆயுள் 80 வருஷம் என்று வையுங்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர் மாற்ற வேண்டும். இரண்டு கிலோமீட்டர் மாற்றினால், அந்த நகரம் தன் குழாய் 500 வருஷம் உழைக்கும் என்று நம்புகிறது என்று அர்த்தம். இந்தக் கேள்வியைக் கேட்டால் எந்த அதிகாரியும் முதலில் தண்ணீர் குடிப்பார்.

கான்கிரீட் குழாய் எப்படிச் சாகிறது என்று பாருங்கள். கழிவுநீர் அடிப்பாதியில் ஓடுகிறது. ஓட்டம் மந்தமான இடத்தில் அழுகி, அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மேலே எழும்புகிறது. ஈரமான கூரையில் குடியிருக்கும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்குகிறது. கான்கிரீட் ஜிப்சமாக மாறி, நனைந்த சாக்பீஸ் மாதிரி விரலால் வழிக்கிற பதத்துக்கு வந்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். தண்ணீர் ஓடும் அடிப்பாகம் நன்றாக இருக்க, மேல்கூரைதான் முதலில் போகிறது. வீட்டில் ஒரு குறையும் தெரியாது. ஒருநாள் சாலை உள்வாங்கும், அதில் ஒரு லாரி இருக்கும். உடனே ‘அவசர நிதி’ ஒதுக்குவார்கள். பல வருஷமாக நடந்த காரியத்துக்கு என்ன அவசரம்?

‘ஏழைகளிடம் கட்டணம் வசூலிப்பதா?’ என்று அடுத்த வாரமே ஒரு கட்டு கடிதம் வரும். வசதியில்லாதவருக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம். ஆனால் அந்தக் குறைந்த பணத்தை யார் ஈடுகட்டுகிறார்கள் என்று கணக்கில் எழுத வேண்டும். நடைமுறையில் கட்டாதவர்கள் யார்? கம்போடியாவில் புனோம் பென் நகரத்தின் குடிநீர் வாரியத்துக்கு 1993-ல் எக் சொன் சான் என்பவர் தலைவராக வந்தபோது, தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. ஓட்டை ஒரு பக்கம், திருட்டு ஒரு பக்கம். மீட்டர் மாட்டப் போன இடத்தில் ஒரு ராணுவப் பெரும்புள்ளி துப்பாக்கியை நீட்டினார். சான் இணைப்பைத் துண்டித்தார். பணம் வந்துவிட்டது. பிற்பாடு அந்த 72, பத்துக்கும் கீழே இறங்கியது. 2006-ல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். அது அரசு நிறுவனம்தான் என்பதை உங்கள் இரண்டாவது கேள்விக்காகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாவது கேள்விக்கு இடமில்லை என்று வடிவமைப்பாளர் கையைக் காட்டுகிறார். சுருக்கமாக: இங்கிலாந்து தன் குடிநீர், சாக்கடை வாரியங்களை 1989-ல் தனியாருக்கு விற்றது, அதுவும் பழைய கடன்களைத் துடைத்துவிட்டு. அப்படி விற்றதில் ஒன்றான, லண்டனுக்குத் தண்ணீர் தரும் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தின் கடன் 2024-ல் 1,500 கோடி பவுண்டைத் தாண்டி நின்றது. பாரிஸ் 2010-ல் தண்ணீரைத் தனியாரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷம் கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது. நீங்கள் யாரிடம் கொடுக்கச் சொல்கிறீர்களோ, அவரோடு போடும் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புங்கள். வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் குழாய் மாற்ற வேண்டும் என்று அதில் ஒரு எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.