எண்ணெயின் வாசத்தை எப்படிப் பிடிப்பது?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்கிறேன். சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய செக்கு நல்லெண்ணெயின் வாசத்தை, சீனச் சமையலுக்கான வறுத்த எள் எண்ணெயின் வாசத்தோடு ஒப்பிட வேண்டும். ஹெக்சேன் என்னும் கரைப்பானில் கரைத்து, பொருள்களை ஆவியாக்கிப் பிரித்துக் காட்டும் ஜிசி (வாயு நிறப்பிரிகை) கருவியில் நேராக ஏற்றியதில் ஒன்றும் உருப்படியாகத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், நேராக ஏற்றுவதை நிறுத்துங்கள். எண்ணெயில் பெரும்பங்கு ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு. அது லேசில் ஆவியாகாது; ஜிசி நுழைவாயிலின் கண்ணாடிக் குழலான லைனரிலும் பிரிப்புக் குழாயிலும் படிந்து அடுத்தடுத்த மாதிரிகளையும் கெடுக்கும்.

நீங்கள் பிடிக்க வேண்டியது எண்ணெய்க்கு மேலே நிற்கும் காற்றை. அதற்கு எஸ்பிஎம்இ போதும்; பூச்சுள்ள மெல்லிய இழையில் (ஃபைபர்) வாசப் பொருள்களை ஒட்டவைத்துப் பிடிக்கும் முறை அது. 20 மில்லி குப்பியில் 2 கிராம் எண்ணெய் விட்டு மூடி, 40 டிகிரியில் அரை மணி நேரம் ஃபைபரை நீட்டி வையுங்கள். அப்புறம் அதை ஜிசியின் சூடான நுழைவாயிலில் செருகினால், ஒட்டியதெல்லாம் கழன்று குழாய்க்குள் போகும். வெற்றுக் குப்பி ஒன்றையும் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள்.

சூட்டைக் கூட்டினால் ஜிசி வரைபடத்தில் பீக் (முகடு) பெரிதாகுமே என்று ஆசை வரும். வேண்டாம். நல்லெண்ணெயில் ஏறத்தாழ 40 சதவீதம் லினோலிக் அமிலம். சூட்டில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைந்தால் ‘ஹெக்ஸனால்’ என்ற வாசப் பொருள் வரும், காறல் வாடையில் அதற்குப் பங்குண்டு. எண்ணெயில் இல்லாததை நீங்களே உண்டாக்கி அளந்ததாகிவிடும். இதே காரணத்துக்காக மாதிரிகளைச் சிங்கப்பூர் வெக்கையில் மேசைமேல் விடாமல், பழுப்புப் புட்டியில் கழுத்துவரை நிரப்பிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

வறுத்த எண்ணெயில், வறுக்கும்போது உண்டாகும் பைரசின் என்னும் வாசப் பொருள்களின் பீக்குகள் வரிசைகட்டி வரும். பெரிய பீக்தான் வாசம் என்று எழுதிவிடாதீர்கள். வறுத்த எள்ளின் மணத்துக்கு முக்கியமான 2-ஃபர்ஃபுரில்தயால் துளியினும் துளி இருந்தாலே மூக்குக்குத் தெரியும், வரைபடத்தில் கண்ணுக்கே படாது. பாண்டான் இலையில் மணக்கும் 2-அசிட்டைல்-1-பைரோலினும் வறுத்த எள்ளில் உண்டு, அதுவும் இப்படித்தான். ஜிசியோடு மோப்பக் குழாய் இணைத்த கருவி எங்காவது கிடைத்தால், ஒரு நாள் கேட்டு வாங்கியாவது மோந்து பாருங்கள். இந்த வேலையில் மூக்குக்கு ஈடான கருவி இல்லை.

அளவு சொல்ல வேண்டுமென்றால், அளவு தெரிந்த பொருளைத் தண்ணீரில் கலந்து செய்யும் ஸ்டாண்டர்டு (ஒப்பீட்டு மாதிரி) உதவாது. வாசப் பொருள்கள் பலவும் எண்ணெய்க்குள்ளேயே தங்கப் பார்க்கும், மேலே வருவது கொஞ்சம்தான். ஆகவே மணம் நீக்கிய சுத்திகரித்த எண்ணெயில் கலந்தே அளவுகோடு போடுங்கள். 1999-இல் வந்த சேஃப் என்னும் வெற்றிட வடிப்பு முறை இன்னும் நுணுக்கமானது. ஆனால் தனிக் கண்ணாடிக் கருவியும் கைப்பழக்கமும் கேட்கும். திட்டப்பணிக்கு நான் சொல்லமாட்டேன்.

இரண்டு புட்டிகளின் தயாரிப்புத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால், ‘ஹெக்ஸனால்’ அளவிலுள்ள வித்தியாசம் ஆட்டிய முறையால் வந்ததா, வயதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.