நடக்கும் ரோபோவுக்கு உலோகப் பாகங்களைக் கொழும்பில் எப்படிக் கடைந்தெடுப்பது?

நான்கு கால் ரோபோ செய்கிறீர்கள், கால் பாகங்களை உலோகத்தில் கடைய வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், எல்லாவற்றையும் உலோகத்தில் செய்யாதீர்கள். தொடை, முழங்கால் இணைப்புகளுக்கு மட்டும் போதும். இரும்பு வேண்டாம், அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடை, மோட்டார் திணறும். 6061 என்ற அலுமினியக் கலவை நன்றாகக் கடைய வரும். ஆனால் அதன் டி6 (சூடாக்கிக் கடினப்படுத்திய) தகட்டைக் கூர்மையாக வளைத்தால் விரிசல் விடும். வளைக்க 5052 என்ற கலவையை எடுங்கள். பழைய சோனகத் தெருப் பக்கம் ஹாட்வெயார் கடைகளில் விசாரித்துப் பாருங்கள், துண்டாக வெட்டித் தருவார்களா என்று.

உண்மையான தலைவலி பெயாரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) உட்காரும் குழிதான். 608 என்ற அளவுப் பெயாரிங்கின் வெளிவிட்டம் 22 மில்லிமீற்றர். நாங்கள் வரைபடத்தில் வெறுமனே '22' என்று போட்டோம். வந்த பாகத்தில் பெயாரிங் உண்டியலில் போட்ட காசு மாதிரி உள்ளே விழுந்தது! பிழை எங்களுடையதுதான். இறுக்கமாக உட்கார வேண்டுமென்றால் துளை 22-ஐவிட 0.01, 0.02 மில்லிமீற்றர் குறைவாக இருக்க வேண்டும். பெயாரிங்கையே கையோடு கொண்டுபோய் லேத் (கடைசல்) பட்டறை பாஸிடம் கொடுத்துவிடுங்கள், அவர் வைத்துப் பார்த்துக் கடைவார்.

அப்புறம், பாகத்தில் வேறு குழிகள் வெட்டுவதென்றால் அவற்றின் உள்மூலைகளைச் சதுரமாக வரையாதீர்கள். 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள சுழலும் கட்டர் மூலையில் 3 மில்லிமீற்றர் ஆர வளைவை விட்டுத்தான் போகும். எம்3 (3 மில்லிமீற்றர் திருகாணி) மரை வெட்ட 2.5 மில்லிமீற்றர் துளை போடுங்கள். காலை அசைக்கும் சேர்வோ மோட்டாரின் பல்லுத் தண்டு நுழையும் துளையைக் கடைய முயல வேண்டாம், கூட வரும் கொம்பையே (தண்டில் மாட்டும் சிறு கையை) பாகத்தில் திருகிப் பொருத்துங்கள்.