முப்பத்திரண்டும் பதினாறும்

அன்புள்ள ஆசிரியருக்கு,
சிபிலிஸுக்கு பென்சிலின் ஊசி போட்டு ஆறு மாதமாகிறது. அப்போது விடிஆர்எல் என்ற ரத்தப் பரிசோதனையில் 1:32. இப்போது வேறு லேபில் ஆர்பிஆர் என்ற பரிசோதனையில் 1:16. டிபிஹெச்ஏ இன்னும் பாசிட்டிவ். ரத்தத்தில் பிசிஆர் பார்த்தால் கிருமி போய்விட்டதா என்று தெரியுமா? தூக்கம் வருவதில்லை. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்த இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். டிபிஹெச்ஏவை விடுங்கள், கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பார்க்கிற சோதனை அது, குணமான பிறகும் பெரும்பாலோருக்கு அது ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான். பிசிஆர் கிருமியின் மரபணுவையே தேடுவது, புண்ணிலிருந்து எடுத்தால் நல்ல பரிசோதனை. ரத்தத்தில் இந்தக் கிருமி சொற்பம், அதுவும் வந்து வந்து போகும். குழாயில் பிடித்த சில மில்லியில் அது சிக்காவிட்டால் நெகட்டிவ் என்று வரும். உடம்பில் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

லேபை ஏன் மாற்றினீர்கள்? எனக்குக் கோபம் அதில்தான். ஒரு கடையில் நெல்லைத் தராசில் நிறுத்து, இன்னொரு கடையில் படியால் அளந்து, குறைந்திருக்கிறதா என்று கேட்கிறீர்கள். விடிஆர்எல்லை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆர்பிஆரில் கரித்தூள் கலந்திருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரே ரத்தத்துக்கு ஆர்பிஆர் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதுண்டு.

ஆர்பிஆரில் அந்த எண் வருகிற விதத்தைப் பாருங்கள். அட்டையில் வரிசையாக வட்டங்கள், ஒவ்வொன்றிலும் 50 மைக்ரோலிட்டர் உப்புநீர். முதல் வட்டத்தில் 50 சீரம் (ரத்தம் உறைந்தபின் தெளிகிற நீர்) விட்டுக் கலக்கி, அதிலிருந்து 50 எடுத்து அடுத்ததில் விடுவார்கள். இப்படியே பாதி பாதியாக நீர்த்துப் போகும். பிறகு வட்டத்துக்கொரு சொட்டு ஆன்டிஜென், அதாவது சீரத்திலுள்ள எதிர்ப்பொருளோடு சேர்ந்து திரளும் கரி கலந்த கரைசல்; அட்டையை நிமிடத்துக்கு 100 சுற்றில் 8 நிமிடம் சுழற்றுவார்கள். கரி திரண்டு நிற்கிற கடைசி வட்டம்தான் உங்கள் எண்: நான்காவது என்றால் 1:16, ஐந்தாவது என்றால் 1:32. அந்த வட்டத்தில் கரி பொடிப்பொடியாக நிற்கிறதா, வழவழவென்று சாம்பலாகக் கிடக்கிறதா என்பதில் நல்ல டெக்னீஷியனே ஒரு வட்டம் முன்பின் போவார். அறைச்சூடு 23–29 டிகிரியைத் தாண்டினாலும் மாறும். அதனால்தான் ஒரு படி இறக்கத்தை யாரும் இறக்கமாக எண்ணுவதில்லை. இரண்டு படி வேண்டும்: 1:32 என்றால் 1:8. ஆரம்ப நிலை நோயிலேயே அதற்கு ஓராண்டு ஆகலாம், நாள்பட்டதென்றால் இரண்டாண்டு. சிலருக்குச் சிறிய எண்ணில் அப்படியே நின்றுவிடும், அதுவும் தோல்வியில்லை.

பழைய லேபுக்கே போங்கள். அதே விடிஆர்எல். முன்பு எடுத்த சீரம் உறைநிலையில் இருந்தால், இரண்டையும் ஒரே வேளையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு படி ஏறியிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மனைவியிடம் சொல்லவில்லை என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அவருக்குத் தொற்று இருந்தால், ஊசி போட்ட உங்களுக்கே அது திரும்ப வரலாம். இந்த வாரமே அவருக்கும் ரத்தம் பாருங்கள். கர்ப்பமாக இருந்தால் நாளைக்கே.