பழசா, புதுசா?

கேள்வி: அண்ணனின் அலமாரியில் 1981-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் சாகசக் கதை விளையாட்டு) பேசிக் விதிப்புத்தகம் கிடைத்தது. நண்பர்களோ 2024 பதிப்பை வாங்கலாம் என்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்: கையில் இருப்பதை வைத்தே தொடங்குங்கள். மொத்தம் 64 பக்கம்தான். ஒரே மாலையில் பாத்திரங்களை உருவாக்கி ஆட்டத்தில் இறங்கிவிடலாம். ஆனால் உங்கள் மந்திரவாதி மேல் ரொம்பப் பாசம் வைக்காதீர்கள். எவ்வளவு அடி தாங்குவார் என்று காட்டும் உயிர்ப்புள்ளிக்கு அவருக்கு நாலுமுகப் பகடை ஒரு முறை. ஒன்று விழுந்தால் ஒன்றுதான். பூஜ்யத்தைத் தொட்டால் ஆள் காலி! புதிய பதிப்பில் அப்படியில்லை. விழுந்தவர் இருபதுமுகப் பகடையை உருட்டி உயிருக்குப் போராடலாம். மூன்று முறை தோற்றால்தான் சாவு.

எனக்குப் பழசில் பிடித்தது வேறு. ஒரு கோப்ளினை, அதாவது குட்டிப் பூதத்தைக் கொன்றால், பாத்திரத்தை அடுத்த நிலைக்கு உயர்த்தும் அனுபவப் புள்ளி 5. நூறு பொற்காசை நிலவறையிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்தால் நூறு புள்ளி. அதனால் வாளை உருவுவதற்கு முன் எல்லாரும் யோசிப்பார்கள்: பேரம் பேசலாமா, பின்வாசல் இருக்கிறதா? இந்தத் தந்திரப் புத்திக்காகவே நான் பழசின் பக்கம்.

ஒன்று மட்டும் குழப்பும். அதில் கவச எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு அதிகம். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அதைத் தலைகீழாக்கினார்கள், நல்லவேளை!

ஒரே கதாபாத்திரத்தை வருடக்கணக்கில் வளர்க்க உங்கள் கூட்டத்துக்கு ஆசை என்றால், சரி, 2024 பதிப்பையே வாங்குங்கள். உங்கள் புத்தகம் மூன்றாம் நிலையோடு நின்றுவிடும்.