மீனும் பாக்டீரியாவும் இரும்பும்: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. மீனுக்கு நோய் தரும் பாக்டீரியா இரும்பை எப்படிப் பிடிக்கிறது என்று மகள் பிஎச்.டி. செய்யப் போகிறாள், இதற்கெல்லாம் யார் வேலை தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மீனின் இரத்தத்தில் இரும்பு உண்டு. ஆனால் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். இரும்பு கிடைக்காவிட்டால் பாக்டீரியாவால் பெருக முடியாது. அதனால் அது சைடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறைத் தயாரித்து வெளியே அனுப்புகிறது. அது இரும்பைப் பறித்துக்கொண்டு வரும். உள்ளே எடுத்துக்கொள்ள பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் அதற்கென்றே ஒரு ஏற்பி இருக்கிறது. விப்ரியோ அங்குயிலாரம் என்ற கடல்மீன் கிருமியில் இந்த வேலைக்கான மரபணுக்கள் ஒரு பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில், இருக்கின்றன. அந்தப் பிளாஸ்மிடை இழந்த கிருமிக்கு நோய் உண்டாக்கும் வீரியமும் போய்விடுகிறது என்று 1980இல் ஹோர்ஹே குரோசா என்ற நுண்ணுயிரியலாளர் காட்டினார்.

இதே அறிவு மருந்துத் துறையிலும் பயன்படுகிறது. தாலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களின் உடலில் சேரும் அதிகப்படி இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்ஸமின், ஒரு மண் பாக்டீரியாவின் சைடரோஃபோர்தான். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால், இரும்பு வரும் வழியாகவே கிருமிக்குள் நுழையும் ஆன்டிபயாடிக். மீன் தடுப்பூசி, பண்ணை மீன்களின் நோய் கண்டறிதல் ஆகியவையும் இருக்கின்றன. ஆக, தலைப்பு பிரச்சினையே இல்லை.

நான் யோசிப்பது அன்றாட வேலையைப் பற்றித்தான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இரும்பே முடிவைக் கெடுத்துவிடும் என்பதால் குடுவைகளை அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும். நீல நிற அகர் தட்டில் கிருமியை வளர்த்துவிட்டு, அதைச் சுற்றி ஆரஞ்சு வளையம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் சைடரோஃபோர் வந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் முறை பார்க்க அழகாக இருக்கும். நாற்பதாவது தட்டிலும் மகளுக்கு அந்த ஆர்வம் இருக்குமா? அப்புறம், சில சோதனைகளில் மீனுக்கே நோயைக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இது எல்லோருக்கும் ஒத்துவராது.

சேரும் முன் கைடிடம் அவளே கேட்கட்டும்: மரபணுவை நீக்கிப் பார்க்கும் வேலை உண்டா? மூலக்கூறைப் பிரித்தெடுத்து, அதன் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்கக் கற்றுத் தருவார்களா? கிருமியின் ஜீனோமை, அதாவது முழு மரபணுத் தொகுதியை, கணினியில் அலசும் பகுதி இருக்கிறதா? மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் சரி, தயங்காமல் சேரட்டும். வெறும் ஆரஞ்சு வளையத்தை எண்ணுவதோடு முடிந்துவிடும் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

அந்த ஆய்வகத்தில் படித்த இரண்டு பேரிடமும் பேசச் சொல்லுங்கள். ஒருவர் முடித்துவிட்டு வேலையில் இருப்பவர், இன்னொருவர் பாதியில் விட்டவர். இரண்டாமவர் சொல்வதை நீங்களும் கூட இருந்து கேளுங்கள்.