ஓரிகாமியில் (தாள் மடிக்கும் கலையில்) விலங்குகள் மடிக்கும்போது எளிமையாக விட்டுவிடுவது நல்லதா, நுணுக்கம் சேர்ப்பது நல்லதா?

கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: 'நாய் மடித்தால் நரி மாதிரி வருகிறது, இன்னும் மடிப்பு சேர்த்தால் இரண்டுமில்லாமல் கசக்கிப் போட்ட தாள் மாதிரி ஆகிவிடுகிறது.' அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். 15 சென்டிமீட்டர் கலர்த் தாள் கட்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி பதினோரு மணிக்கு யூடியூபை நிறுத்தி நிறுத்தி மடிப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி ஆரம்பித்தவன்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கலைஞன் எல்லாம் இல்லை. சிவகாசிப் பக்கம் ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நிற்கிறேன், பதினெட்டு வருஷமாக. தாளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். ஜப்பானின் பெரிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவாவே இளம் வயதில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான், புதிதாக வந்தவர்களுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்க ஓரிகாமியைப் பயன்படுத்தினார் என்று படித்ததிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல்.

இங்கே சிலர் 'எளிமையே அழகு' என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் பத்து வருஷம் நானும் அதையேதான் சொல்லித் திரிந்தேன். காரணம், கஷ்டமானதை மடிக்க எனக்கு வராது. கொக்கு, தவளை, காது பெரிதான ஒரு யானை, இதைத் தாண்டவில்லை. எல்லோரும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, என் கதையைச் சொல்கிறேன்.

பிறகு ராபர்ட் லாங்கின் வடிவமைப்பு முறை கண்ணில் பட்டது. அவர் இயற்பியல்காரர், 2001இல் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓரிகாமிக்கு வந்தவர். அந்த முறையின் சாரம் இதுதான்: விலங்கின் ஒவ்வொரு கால், காது, வாலுக்கும் தாளில் ஒரு வட்டம் இடம் ஒதுக்க வேண்டும். அந்த உறுப்பு தாளின் மூலையில் இருந்தால் வட்டத்தில் கால்வாசி போதும், விளிம்பில் என்றால் அரை வட்டம், நடுவில் என்றால் முழு வட்டமும் போய்விடும். நடுவிலிருந்து வரும் உறுப்புக்குத்தான் தாள் நிறைய செலவாகும், அடுக்கும் தடிமனாகும். இதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெள்ளாடு செய்யலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அம்மா இப்போதும் ஏழெட்டு ஆடு வைத்திருக்கிறார்.

மூன்று மாசம். இரண்டு டிஷ்யூத் தாளுக்கு நடுவில் அலுமினிய ஃபாயில் ஒட்டி, 50 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, 32க்கு 32 கட்டம் மடித்து, கொம்பு, தாடி, தொங்கும் காது, நாலு காலிலும் பிளந்த குளம்பு. குளம்புக்காக மட்டும் எட்டு முனை எடுத்தேன். வால் நடுப்பகுதியிலிருந்து வந்தது. அங்கே அடுக்கு ஏறி ஏறி அட்டை மாதிரி ஆகிவிட்டதால் நிமிர்த்தினால் நிற்கவில்லை, போகட்டும் என்று தொங்கவிட்டுவிட்டேன்.

அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏய்யா, செம்பறி செஞ்சிருக்க போல" என்றார்.

"வெள்ளாடும்மா. கொம்பு பாருங்க, தாடி பாருங்க."

"வாலு தொங்குதுல்ல. வெள்ளாட்டு வாலு நட்டுக்கிட்டுல்ல நிக்கும். சீக்கு வந்த ஆடுன்னாத்தான் இப்படிப் போட்டிருக்கும்."

எட்டு முனைக் குளம்பை அவர் பார்க்கக்கூட இல்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் திரும்ப உட்கார்ந்தபோது வாலிலிருந்து ஆரம்பித்தேன். சதுரத்தின் ஒரு மூலை தலைக்கு, எதிர் மூலை வாலுக்கு, மற்ற இரண்டும் முன்னங்கால். பின்னங்காலை விளிம்பிலிருந்து ஒப்பேற்றினேன். மூலை என்பதால் வால் மெல்லிசாக வந்தது, ஒரே மடிப்பில் விறைப்பாக மேலே நின்றது. கொம்பு கிடையாது, தாடி கிடையாது, மொத்தம் 22 மடிப்பு, அச்சகத்தில் மீந்த 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத சாதாரண அச்சுத் தாள். அம்மா பார்த்துவிட்டு, "வெள்ளாடு. கொம்பு இல்லையே... குட்டி போல" என்று தானே காரணமும் சொல்லிக்கொண்டார்.

உடனே, 'நாங்கள் சொன்னது சரிதானே, எளிமைதானே ஜெயித்தது' என்று வராதீர்கள். அந்த மூன்று மாச ஆட்டை மடிக்காமல் இருந்திருந்தால் வாலுக்கு மூலையைக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்காது. ஜப்பானியக் கலைஞர் சதோஷி கமியாவின் ரியூஜின் டிராகனைப் பாருங்கள், ஒரே சதுரத் தாள், வெட்டு கிடையாது, உடம்பெல்லாம் செதில். அதைச் செதில் இல்லாமல் 'எளிமையாக' மடித்தால் அது பாம்பு. அந்தப் பக்கம் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் மலை மடிப்பு (தாளைப் பின்பக்கம் மடிப்பது), பள்ளத்தாக்கு மடிப்பு (முன்பக்கம் மடிப்பது) இரண்டை மட்டும் வைத்து மடிப்பது என்று விதியே வகுத்தார், அதற்கு ப்யூர்லேண்ட் என்று பெயர். யோஷிசாவா மடிப்பைக் குறைத்துக்கொண்டு, தடித்த தாளை ஈரமாக்கி வளைத்துக் காயவிடுவார், முதுகும் கழுத்தும் உயிருள்ளது மாதிரி நிற்கும். இதில் யாரைக் குறை சொல்வீர்கள்? அந்த விலங்கை வளர்ப்பவர் எதைப் பார்த்து அடையாளம் சொல்வார் என்று கண்டுபிடித்து, தாளின் நல்ல இடத்தை அதற்குக் கொடுத்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் குளம்பு.

தாள் விஷயத்தில் ஒன்று. பளபளவென்று இருக்கும் ஆர்ட் பேப்பரைத் தொடாதீர்கள், மேல் பூச்சு மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு விழும். இதைச் சொல்லும்போது ஒரு ஆற்றாமையையும் கொட்டிவிடுகிறேன், மன்னிக்கவும். போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் 'வொர்க்‌ஷாப்' என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனேன். தொண்ணூறு பிள்ளைகள், எல்லோர் கையிலும் பழைய காலண்டரைக் கிழித்த பளபளப்புத் தாள், ஒன்றுகூடச் சதுரம் இல்லை. மூன்று மணி நேரத்தில் பாதி நேரம் சதுரமாகக் கிழிக்கவே போய்விட்டது. முடிந்ததும் பொன்னாடை, போட்டோ, 'ரொம்ப நன்றி சார்'. பஸ் காசு தருவார்கள் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றுகூடப் பார்த்தேன். பாட்டு வாத்தியாரைக் கூப்பிட்டாலும் இதே கதைதானாம். வீட்டில் இப்போது ஐந்து பொன்னாடை இருக்கிறது, ஆட்டுக்குப் போர்த்தலாம் என்று அம்மா சொல்கிறார். காசுக்கு அலைகிறான் என்று யாராவது எழுதினால் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் நாய். என்ன நாய் என்று நீங்கள் சொல்லவில்லை. நரி மாதிரி வருகிறது என்றால் காது இரண்டும் கூராக நிமிர்ந்திருக்கும், வால் அகலமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பழகுவதற்கு ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள், உடம்பு முழுக்க வெள்ளை என்பதால் சாதாரண வெள்ளைத் தாளே போதும். காதின் நுனியை முன்பக்கமாக மடக்கித் தொங்கவிடுங்கள், வாலைப் பாதி அகலத்துக்கு ஒடுக்குங்கள். வயிற்றை மட்டும் உள்ளே ஒரு மடிப்பு தள்ளிவிடுங்கள், அந்த நாய்க்கு வயிறு ஒட்டித்தான் இருக்கும். வந்தால் படம் போடுங்கள், எங்கள் தெருவில் ஒருவர் இரண்டு வளர்க்கிறார், அவரிடம் காட்டிச் சொல்கிறேன்.