வீடு கட்டுவோர் கேள்வி பதில்: முத்திரையை மட்டுமல்ல, இலக்கத்தையும் பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீடு கட்டுவோர் கேட்டவற்றில் சில.

கேள்வி (ஏறாவூர்): சேர், பிவிசி பைப்பில் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர) முத்திரை இருந்தால் போதும்தானே? ஹார்ட்வெயார்காரர் அப்படித்தான் சொல்கிறார்.

பதில்: முத்திரையோடு உள்ள இலக்கத்தையும் வாசியுங்கள் தம்பி. அழுத்தத்தோடு வரும் குடிநீருக்கான பைப் என்றால் 147. பக்கத்தில் டைப்பும் அச்சடித்திருக்கும். டைப் 1000 என்றால் 1000 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 100 மீற்றர் உயர நீரின் அழுத்தம். உங்கள் தாங்கி 5 மீற்றர் உயரத்தில் இருந்தால் கீழே வருவது 50 கிலோபாஸ்கல்தான். ஆகவே வீட்டு பைப் அழுத்தத்தால் வெடிப்பது குறைவு. பசை சரியாகப் பூசாத மூட்டு கழன்றுவிடும், வெயிலில் கிடந்த பைப் நொறுங்கும். துண்டு வாங்கினாலும் அச்சுள்ள துண்டையே கேளுங்கள்.

கேள்வி (காத்தான்குடி): வளவு சின்னது. மலகூடக் குழியைக் கிணற்றுக்கு எவ்வளவு தள்ளி வெட்டலாம்?

பதில்: நான் 60 அடிக்குக் குறைத்துச் சொல்வதில்லை. பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்; நம்மவர்கள் தங்கள் கிணற்றை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் நம் மணல் தரையில் தூரத்தைப் போல ஆழமும் முக்கியம். செப்டிக் தாங்கியில் கசடுதான் அடியில் தங்கும். அங்கிருந்து உறிஞ்சு குழிக்குப் போகும் நீரில் கிருமி அப்படியே இருக்கும். அதை வடிப்பது, உறிஞ்சு குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே உள்ள ஈரமில்லாத மண். மாரியில் கிணற்று நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று மார்கழியில் எட்டிப் பாருங்கள். உறிஞ்சு குழியின் அடி அதற்கு மேலே நிற்க வேண்டும். முடியாவிட்டால் ஆழக் குழி வேண்டாம், மண்ணைக் கொட்டி உயர்த்திய ஆழமில்லாத படுகை போடுங்கள். அடி பூசாத குழியை செப்டிக் தாங்கி என்று சொல்லும் மேசன்மாரும் இருக்கிறார்கள், கவனம். செப்டிக் தாங்கிக்கான இலங்கைத் தரம் 745. இடத்தை உங்கள் பி.எச்.ஐ.யிடமும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) காட்டுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் மலகூடக் கழிவிலிருந்து கலக்கும் நைத்திரேற்று என்ற இரசாயனம் போகாது.

கேள்வி (கல்முனை): அண்ணா, ஒரு சீமெந்துப் பையில் 107, இன்னொன்றில் 1247. எது நல்லது?

பதில்: 107 சாதாரண போட்லண்ட் சீமெந்து, 1247 கலப்புச் சீமெந்து (நிலக்கரிச் சாம்பல் போன்றவை சேர்த்தது). கடலோரத்தில் எனக்குக் கலப்பே விருப்பம், உப்பு உள்ளே போவதை மெதுவாக்கும். ஆனால் பலம் பிடிக்க நாளெடுக்கும். கொங்கிறீற்றுக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள், தாங்கு பலகையை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். 515 என்றால் கட்டுக்கும் பூச்சுக்கும் மட்டும், பீமுக்குப் போட வேண்டாம். கழுவாத கடல் மணலைக் கொட்டினால் எந்த இலக்கமும் கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றாது.

கேள்வி (வாழைச்சேனை): புயலுக்கென்று விதி ஏதும் உண்டா?

பதில்: 1978 நவம்பர் 23 புயலுக்குப் பிறகு, பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்கான வழிகாட்டி 1980இல் வந்தது. நாட்டை மூன்று வலயமாகப் பிரித்ததில் நம் கிழக்குக் கரை, காற்று மிகப் பலமான முதல் வலயம். கூரை மரத்தைச் சுவரின் மேல் பீமோடு கம்பியாலோ தகட்டாலோ பிணையுங்கள். ஆணி மட்டும் காணாது.

கேள்வி (அக்கரைப்பற்று): எல்லாவற்றுக்கும் ஒரே தேசியக் கட்டட விதிக் கோவை இருக்கா?

பதில்: ஒரே புத்தகமாக இல்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதி, எஸ்.எல்.எஸ். தரங்கள், பொறியியலாளர் கைக்கொள்ளும் பிரித்தானிய, ஐரோப்பியக் கோவைகள் என்று பிரிந்து கிடக்கிறது. உங்களுக்கு முதல் வாசல் உங்கள் பிரதேச சபையோ மாநகர சபையோதான். வரைபடம் அங்கீகரித்த பிறகு, வேலை முடிந்ததும், அதன்படியே கட்டியதைக் காட்டும் ஒத்தமைவுச் சான்றிதழையும் எடுங்கள். பலர் அதை வங்கிக் கடன் கேட்கும் நாளில்தான் தேடுகிறார்கள்.